இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 18 ஆகப் போகிறதா? பதினேழிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். என்னிடம் படித்த பையனுக்குப் பிப்ரவரி 11 அன்று 18 முடிகிறது, மார்ச் முதல் வாரம் பிளஸ் டூ தேர்வு. "18 ஆனால் இங்கே இருக்க முடியாதாம் மேடம்" என்று அவன் என்னிடம் சொன்னது ஜனவரி கடைசியில். அதற்குப் பிறகு பத்து மாதம் நாங்கள் இருவரும் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பாதி அலைச்சல், எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஓடியதால் வந்தது. இல்லத்து ஊழியரோ, தன்னார்வலரோ, ஆசிரியரோ, பெரியம்மா சித்தப்பாவோ, நீங்கள் யாராக இருந்தாலும் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இங்கே எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லக் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும்தான் இந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா கையெழுத்து மாதிரி. பிள்ளை அந்த வாசலைத் தாண்டும் நாள்வரை அது சுலபமாகக் கிடைக்கும். தாண்டியபின் அதே கையெழுத்துக்கு மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருக்கும். அதனால் 17 ஆனதுமே தொடங்குங்கள். பதினாறரையில் தொடங்கினால் இன்னும் நல்லது.

1. எந்தப் பிறந்தநாள் என்று முதலில் பாருங்கள்

சிரிக்காதீர்கள், இதில்தான் நாங்கள் முதலில் விழுந்தோம். இல்லத்தில் வளரும் பல பிள்ளைகளுக்கு இரண்டு பிறந்த தேதி இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ போட்ட தேதி ஒன்று, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தன் உத்தரவில் பதிந்த தேதி இன்னொன்று. எங்கள் பையனுக்குப் பள்ளியில் ஜூன், குழுவின் உத்தரவில் பிப்ரவரி. நான் ஜூன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆவது பிரிவின்படி, குழு பதிந்த வயதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு உண்மையான வயது. வெளியே வரும் நாளை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆனால் கல்லூரி, வேலை, ஆதார் எல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத்தான் பார்க்கும். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முரண் இருந்தால், பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே குழுவிடம் மனு கொடுங்கள்.

பரீட்சைக்கு நடுவில் 18 முடிகிறது என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். எங்களுக்குத் தேர்வு முடியும்வரை தங்க அனுமதி கிடைத்தது, கேட்டதால் கிடைத்தது. வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

2. கோப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்தில் ஒரு கோப்பு உண்டு. வெளியே வரும்முன் கீழே உள்ளவற்றின் நகலில் கண்காணிப்பாளரின் கையெழுத்து, முத்திரை வாங்கிவிடுங்கள். நான்கு செட். ஜெராக்ஸ் கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் நான்கு செட்.

- இல்லத்தில் சேர்த்தபோது குழு போட்ட உத்தரவு
- தனிநபர் பராமரிப்புத் திட்டம்
- பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவும்
- பழைய குடும்ப அட்டை நகல், பெற்றோரின் சாதிச் சான்று, எந்தக் கசங்கல் தாளாக இருந்தாலும்
- மருத்துவப் பதிவுகள், தடுப்பூசி அட்டை
- பிள்ளை பெயரில் பாஸ்புக், வைப்புநிதி ரசீது

கடைசி வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நன்கொடையாளர் யாராவது பிள்ளை பெயரில் வைப்புநிதி போட்டிருக்கலாம், அது பீரோவில் தூங்கும். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளை என்றால் இரண்டு கணக்குகளைத் தனியாகத் தேடுங்கள். ஒன்று பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 18 வயதுக்குள் 10 லட்சம் ரூபாயாகச் சேரும் தொகை. அதிலிருந்து 18 முதல் மாத உதவித்தொகை வரும், முழுத்தொகை 23 வயதில் கிடைக்கும். இன்னொன்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்த 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி, அது 18 முடிந்ததும் வட்டியோடு பிள்ளைக்கு.

பிறப்புச் சான்றிதழே இல்லையா? பிறந்து ஓராண்டுக்கு மேல் ஆன தாமதப் பதிவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள அதிகாரியின் உத்தரவு வேண்டும். நடைமுறையில் கோட்டாட்சியர் அலுவலகம். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அதனால் முதலில் இதைக் கிளப்பிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

3. இனிஷியல் சண்டையை முடித்துவிடுங்கள்

ஆதாரில் 'எஸ்', பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'ஏ', வங்கியில் இனிஷியலே இல்லை. அப்பா பெயர் தெரியாத பிள்ளைக்கு யாரோ நல்ல மனசோடு ஒரு எழுத்தைப் போட்டுவிட்டிருப்பார்கள், அது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாக இருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது மாணவரிடம் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். திருத்துவதற்கு அதுதான் சுலபமான நேரம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைவரை போக வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை ஆதாரமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒருமுறைதான். அதனால் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் தலைவர் ஆதார் ஆணையத்தின் மாதிரிப் படிவத்தில் கொடுக்கும் சான்றை ஆவணமாக ஏற்கிறார்கள். அந்தச் சான்றுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். கையில் வாங்கிய வாரமே மையத்துக்குப் போய்விடுங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு முடிந்திருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள், பலருக்கு விட்டுப்போயிருக்கும்.

4. பிற்காப்பு உத்தரவு

இதைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. 18 ஆனதும் பிள்ளையைக் கைகழுவிவிட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி தர வழி செய்கிறது. இல்லத்தை விட்டபின் தரும் இந்த ஆதரவுக்குப் பெயர்தான் பிற்காப்பு, 21 வயதுவரை உண்டு. 2016 மாதிரி விதிகள் விதிவிலக்கான சூழலில் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கவும் இடம் தருகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, ஆலோசகர், சுயதொழிலுக்குக் கடனுதவி எல்லாம் அந்த விதிகளில் எழுதியிருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் இவற்றில் எது நிஜமாக இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம்: ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய், நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும்.

எப்படி வாங்குவது? பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, வெளியேறியபின் என்ன செய்வான் என்ற திட்டத்தை நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ எழுதிக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாள் எழுதப்பட்டதா என்று நீங்கள் போய்க் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் எழுதப்படவே இல்லை. நாங்களே ஒரு பக்கத்தில் எழுதினோம்: எங்கே தங்குவான், என்ன படிப்பான், மாதம் என்ன செலவு, யார் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது. கண்காணிப்பாளர் படித்துவிட்டு இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் எந்த நேரத்தில் அமர்கிறார்கள் என்று முதல்நாளே கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள், பேசுவதை அவனிடமே விடுங்கள். நான் பேசியதற்குக் கிடைத்த பதிலும் "எனக்கு ஐடிஐயில ஃபிட்டர் சேரணும் சார்" என்று அவன் சொன்னதற்குக் கிடைத்த பதிலும் வேறு வேறு.

குழு உத்தரவு போட்டபின் கோப்பு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அங்கே பாதுகாப்பு அலுவலர் இருவர் உண்டு: 'நிறுவனம் சார்ந்த', 'நிறுவனம் சாராத'. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைதானே என்று நான் முதலாமவரிடம் மூன்று வாரம் அலைந்தேன். எங்கள் கோப்பு இருந்ததோ இரண்டாமவர் மேசையில். மனுவைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். எங்களுக்கு முதல் பணம் வர எட்டு மாதம் ஆனது. ஒருமுறை கோப்பே காணோம் என்றார்கள், அந்த முத்திரை போட்ட நகல்தான் காப்பாற்றியது.

வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஒரு குடும்பத்தோடு வளர்ந்த பிள்ளை என்றால் ஒரு சிக்கல் உண்டு. 46-ஆவது பிரிவின் வாசகம் இல்லத்தைத்தான் குறிப்பிடுகிறது. அதனால் தானாக வரும் என்று இருக்காமல், அந்தப் பிள்ளையின் நிலையை விளக்கித் தனி மனுவாகவே குழுமுன் வையுங்கள்.

5. சிம், வங்கி, ஓடிபி

18 ஆனதும் முதல் வேலை, பிள்ளையின் சொந்தப் பெயரில் சிம் கார்டு. காரணம் சொல்கிறேன். இவன் ஆதாரோடு இணைந்திருந்தது இல்லத்தில் முன்பு வேலை பார்த்த வார்டனின் எண். அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் எதைத் தட்டினாலும் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் நல்லவர், ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொன்னார். நல்லவராக இல்லாமல் போயிருந்தால்? சிம் வாங்கிய மறுநாள் ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றினோம்.

வங்கியில் சிறுவர் கணக்காகவோ, கண்காணிப்பாளரோடு கூட்டாகவோ இருந்த கணக்கு 18 ஆனதும் அப்படியே ஓடாது. புதிய கையெழுத்து, புதிய கேஒய்சி கொடுத்து மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். அதுவரை பணம் வந்தாலும் எடுக்க முடியாது. முடிந்தால் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்காகக் கேளுங்கள். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பணம் ஆதார் வழியாக வந்தால், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும்.

படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற இடம் வரும். கவுண்டரில் இருந்தவர் பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பதினைந்து பேர் வரிசை. பையன் காது சிவந்துபோனது. நான் முந்திக்கொண்டு ஏதோ விளக்கப்போய் இன்னும் மோசமாக்கினேன். அடுத்த முறை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். குழுவின் உத்தரவு நகலை எடுத்து நீட்டுவது, "இதைப் பாருங்க சார்" என்பது, அவ்வளவுதான். வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

6. சாதிச் சான்று, படிப்பு

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இடம் உண்டு. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசின் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அதில் வருவார்கள். இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் பொதுப்பிரிவில் போட்டியிடுகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கோப்பில் பெற்றோரின் சாதிச் சான்று கிடைத்து, அது பட்டியல் இனம் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால், அதைக்கொண்டே விண்ணப்பிப்பது நல்லது. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். கல்லூரி விண்ணப்பம் தொடங்கும் மே மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும் என்றால் பிப்ரவரியில் போடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றையும் கூடவே போட்டுவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால், தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி சேர்ந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், மதிப்பெண் சுமாராக இருக்கும் பிள்ளையை ஏதோ ஒரு டிகிரியில் தள்ளுவதைவிட ஐடிஐ மேல். விடுதியோடு கூடிய இடமாகப் பார்த்துச் சேருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

7. தங்க ஓர் இடம், முதல் மாதக் கணக்கு

எங்களுக்கு விடுதி கிடைக்கவில்லை. ஐடிஐ பக்கத்தில் மாடியில் ஓர் அறை. "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்டு மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். நான்காவது வீட்டில் என் பெயரையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டோம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது 2017 வாடகைச் சட்டம். அதைச் சொல்லிப் பேரம் பேசிப் பார்த்தேன், வீட்டுக்காரர் சிரித்தார்.

முதல் மாதம் ஆன செலவு: அட்வான்ஸ் 15,000, வாடகை 3,500, மெத்தை போர்வை 2,400, அடுப்பும் 5 கிலோ சிலிண்டரும் 3,600, பாத்திரம் வாளி விளக்குமாறு 2,700, பழைய சைக்கிள் 2,300, மளிகை 3,500. ஆக 33,000 ரூபாய். அந்த மாதம் அரசிடமிருந்து வந்தது பூஜ்யம். இந்தத் தொகையை யார் யார் பங்குபோடுவது என்று முன்பே பேசிவிடுங்கள். சின்ன சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவைப்படவில்லை, அடையாள அட்டை போதும், அது பெரிய உதவி.

முதல் நாள் சாமான் இறக்கிவிட்டு இரவு எட்டு மணிக்குக் கிளம்பினேன். காலையில் போனால் கதவு சும்மா சாத்தியிருக்கிறது, சாவி ஆணியில் அப்படியே தொங்குகிறது. "பூட்டலையா?" என்றேன். "உள்ளேர்ந்து பூட்டணுமா மேடம்?" என்றான். பதின்மூன்று வருடம் ஐம்பது பேரோடு ஒரே கூடத்தில் படுத்தவன், சாவி என்று ஒன்று அவன் கையில் இருந்ததே இல்லை. இதைப் பார்த்தபிறகுதான் ஒரு பட்டியல் போட்டேன்: பூட்டுவது, சிலிண்டரை மூடுவது, ஏடிஎம், கரண்ட் பில், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி, காய்ச்சலுக்கு எந்த ஆஸ்பத்திரி. இவற்றை இல்லத்தை விட்டு வரும்முன் ஆறு மாதம் பழக்குங்கள். சனிக்கிழமை ஒரு நாள் கையில் 200 ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினால் போதும்.

8. சில்லறை வேலைகள்

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6. 17 முடிந்ததும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், உறவினர் பெயருக்கான இடத்தில் ஆதரவற்றோருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் பெயர் போட வழி உண்டு. பான் அட்டைக்குக் கடைக்காரரிடம் காசு கொடுக்காதீர்கள். ஆதாரில் எண் இணைந்திருந்தால் வருமான வரித்துறைத் தளத்தில் இ-பான் இலவசம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வாங்கிப் பதிந்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் இருக்கட்டும். அசலை வேலை கொடுப்பவர் யாரிடமும் 'டெபாசிட்டாக' விடக்கூடாது.

சட்டத்துடன் முரண்பட்டு, அதாவது ஏதாவது குற்ற வழக்கில் சிக்கி, இல்லத்துக்கு வந்த பிள்ளை என்றால் ஒன்று: வழக்கு முடிந்தபின் நன்னடத்தைச் சான்றுக்காக அந்தப் பழைய பதிவைக் காவல்துறை வெளியிடக்கூடாது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. யாராவது கிளறினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவச உதவி எண் 15100.

9. பணம் வரும்போது ஆட்களும் வருவார்கள்

எட்டு மாதப் பாக்கி மொத்தமாக 32,000 ரூபாய் கணக்கில் விழுந்தது. அந்த வாரமே இதுவரை எட்டிப்பார்க்காத மாமா ஒருவர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். கூடப் படித்தவன் ஒருவன் பைக்குக்கு முன்பணம் கேட்டான், இவன் 6,000 கொடுத்தான், திரும்பவில்லை. நான் கோபப்பட்டேன், கோபப்பட்டிருக்கக் கூடாது. சொந்தம் என்று ஒருவர் வந்து நிற்கும்போது அவனால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? பாதியை அன்றே ஆறு மாத வைப்புநிதியில் போட்டுவிடுவது என்று இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "டெபாசிட்ல இருக்கு" என்பது இல்லை என்பதைவிடச் சொல்லச் சுலபம். போனில் கடன் கொடுக்கும் செயலிகளைப் பற்றியும் முதல் மாதமே பேசிவிடுங்கள்.

உங்களுக்கும் இரண்டு வார்த்தை. ஏடிஎம் அட்டையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "உனக்காக எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா" என்று ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அழைத்தால் எடுப்பேன் என்று சொன்னால் எடுங்கள். முடியாது என்றால் யார் எடுப்பார் என்று அந்த எண்ணைக் கொடுங்கள்.

10. 21-க்கு முன்னால் இன்னொரு மனு

நீட்டிப்பு தானாக வராது. 21 முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போதே, படிப்போ பயிற்சியோ இன்னும் முடியவில்லை என்ற சான்றோடு, ஏன் 23 வரை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பழைய உத்தரவு நகல், பாஸ்புக்கில் பணம் வந்த பக்கங்கள், பயிற்சி நிலையத்தின் கடிதம் மூன்றும் இணைப்பு.

எங்கள் பையனுக்கு 21 ஆக இன்னும் ஐந்து மாதம். தொழிற்பழகுநர் பயிற்சியில் இருக்கிறான். மனுவை இந்த முறை அவனே எழுதியிருக்கிறான், ஒரு பக்கம், அழகான கையெழுத்து. வரும் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம், நகலில் முத்திரையோடு.